போர்க்காலத் தொழிற்சாலைகளும் கருப்பினத்தவரின் 'இரட்டை வெற்றி'யும்

இரண்டாம் உலகப் போரில் ஜனநாயகத்தைக் காக்கப் போரிடுவதாக அமெரிக்கா அறிவித்தது. ஆனால் அந்நாட்டுக் கருப்பின இளைஞர்கள் தனிப் படைப்பிரிவுகளிலேயே சேர்க்கப்பட்டனர். உள்நாட்டில், ஆயுதத் தொழிற்சாலைகள் பலவும் அவர்களுக்கு வேலை தர மறுத்தன. செஞ்சிலுவைச் சங்கம் தொடக்கத்தில் கருப்பினத்தவரின் குருதிக்கொடையை ஏற்கவில்லை. 1942 ஜனவரியில் ஏற்க முன்வந்தபோதும் அதைத் தனியே பிரித்து வைத்தது. உயிர்காக்கும் குருதியிலும் தீட்டுப் பார்க்கப்பட்டது.

பேரணி அறிவிப்பும் அரசாணையும்

தொடர்வண்டிப் படுக்கைப் பெட்டிப் பணியாளர் சங்கத்தின் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், வேலையுரிமை கோரி 1941 ஜூலை 1 அன்று வாஷிங்டனில் மாபெரும் பேரணி நடைபெறும் என அறிவித்தார். போருக்கு ஆயத்தமாகி வந்த அரசுக்குத் தொழிலாளரும் தேவை, உள்நாட்டு அமைதியும் தேவை. அந்தத் தேவையே ராண்டால்ஃபின் பேர வலிமையாயிற்று. பேரணியைக் கைவிடச் செய்ய ஜூன் 18 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைச் சந்தித்தார். ராண்டால்ஃப் இணங்கவில்லை. ஜூன் 25 அன்று 8802ஆம் எண் ஆணை வெளிவந்த பின்னரே பேரணி கைவிடப்பட்டது.

பாதுகாப்புத் தொழில்களிலும் நடுவண் அரசுப் பணிகளிலும் இனப் பாகுபாட்டை இவ்வாணை தடை செய்தது. முறையீடுகளை விசாரிக்க ஒரு குழுவையும் அமைத்தது. ஆயினும் படைகளில் நிலவிய பிரிவினையை அது தொடவில்லை. மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரமும் குழுவுக்கு இல்லை.

இரட்டை வெற்றி

1942 ஜனவரியில், கான்சாஸ் மாநில விமானத் தொழிற்சாலையின் உணவகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் தாம்சன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழுக்கு ஒரு மடல் எழுதினார். வெளிப்பகையை வெல்வதுடன் உள்நாட்டு அடிமைத்தனத்தையும் வெல்ல வேண்டும் என்பது அவரது கோரிக்கை. இதழ் அதனை 'இரட்டை வெற்றி' இயக்கமாக வளர்த்தெடுத்தது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1943 ஜூனில் டெட்ராய்ட் நகரின் பாக்கார்ட் ஆலையில் கருப்பினத் தொழிலாளர் மூவர் பதவி உயர்வு பெற்றதற்காக, ஏறத்தாழ 25,000 வெள்ளையினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே மாதம் அந்நகரில் மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அவர்களுள் 25 பேர் கருப்பினத்தவர். அந்த 25 பேரில் 17 பேரைக் கொன்றது காவல்துறை. 1944 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் கருப்பினத்தவர் எட்டுப் பேர் டிராம் ஓட்டுநர் பயிற்சி பெற்றதை எதிர்த்துப் போக்குவரத்தே முடக்கப்பட்டது. போர் உற்பத்தி தடைப்பட்டதால் அரசு படையை அனுப்பி வேலைநிறுத்தத்தை முறித்தது.

நமக்கான பாடம்

போர் முடிந்ததும் அரசின் அவசரமும் முடிந்தது. 1946இல் அக்குழு கலைக்கப்பட்டது. எஞ்சி நின்றது அமைப்பு வலிமையே. 1940இல் 50,000 அளவில் இருந்த கருப்பினத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை, 1946இல் 4,50,000 அளவை எட்டியிருந்தது. ராண்டால்ஃபின் தொடர் போராட்டமும் சேர்ந்து அழுத்தம் தந்ததால், 1948 ஜூலை 26 அன்று படைகளில் சமத்துவம் கோரும் 9981ஆம் எண் ஆணை பிறந்தது.

இதே காலத்தை அண்ணல் அம்பேத்கரும் கூர்ந்து கவனித்தார். கருப்பினத்தவர் ஐ.நா. அவைக்கு அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டு 1946இல் டு பாய்ஸுக்கு மடல் எழுதினார். தீண்டப்படாத மக்களும் அவ்வழியை எண்ணி வருவதைத் தெரிவித்தார்.

நாட்டுக்கு உழைத்ததற்குப் பரிசாக எந்த உரிமையும் தானே வந்து சேர்வதில்லை. ஆட்சிக்கு நம் உழைப்பு தேவைப்படும் வேளையில் அமைப்பாகத் திரண்டு கேட்டவர்களே பெற்றனர். பெற்ற ஆணைக்குச் செயலாக்க அதிகாரம் உண்டா என்பதையும் அந்த வேளையிலேயே கேட்டுவிட வேண்டும்.