மூளைத்தண்டுச் சாவு: யாருக்காக உறுதிசெய்கிறோம்?

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நான்கு மருத்துவர்கள் முறைப்படி இருமுறை சோதித்து, மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்துவிட்டது, இனி மீளாது என்று கையெழுத்திடுகிறார்கள். உறுப்புக் கொடைக்குக் குடும்பம் சம்மதித்தால் அவர் இறந்தவர். மறுத்துவிட்டால், உடலும் சோதனை முடிவும் மாறாமலிருக்க, அவர் நோயாளியாகவே தொடர்கிறார். வென்டிலேட்டர் ஓடுகிறது, மருத்துவச் செலவும் ஏறுகிறது. ஒருவர் இறந்துவிட்டாரா என்பது உறவினரின் ஒப்புதலைப் பொறுத்து அமையலாமா? கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் சட்டத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதையே இறப்பு என்கிறது. மூளையைப் பற்றிப் பேசவில்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம்தான் இதயமும் மூச்சும் நிற்பதோடு மூளைத்தண்டுச் சாவையும் இறப்பாக ஏற்றது. ஆனால் அந்த வரையறை அந்தச் சட்டத்தின் தேவைக்காக எழுதப்பட்டது. கொடை இல்லாத இடத்தில் அதை நம்பிக் கருவியை நிறுத்த மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். 2023இல் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டபோது மின்னணுப் பதிவு, தரவுத்தளம் எனப் பலவும் சேர்ந்தன. இறப்பின் வரையறை மட்டும் 1969இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மூளைச் சாவு என்ற கருத்தே உறுப்பு மாற்றுக்காக உண்டாக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு நின்றவர்களின் நுரையீரலுக்கு வெளியிலிருந்து காற்றைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வளர்ந்தது. அதன் விளைவாக, மூளை அழிந்தும் கருவியின் துணையால் இதயம் துடிக்கும் உடல்களை மருத்துவர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். 1959இல் பாரிஸ் மருத்துவர்கள் மொலரே, குலோன் இருவரும் இந்நிலையை விவரித்தார்கள். கேப் டவுனில் முதல் இதய மாற்று நடந்தது 1967 டிசம்பரில்தான். 1968இல் வெளிவந்த ஹார்வர்டு குழுவின் அறிக்கை, புதிய வரையறைக்கு இரண்டு காரணங்களைச் சொன்னது: மீளவே வழியில்லாத உடலைக் கருவியில் வைத்திருப்பதால் குடும்பமும் மருத்துவமனையும் சுமக்கும் பாரம் முதலாவது, மாற்று உறுப்புகளைப் பெறுவதில் எழும் சர்ச்சை இரண்டாவது. நம் சட்டம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டது.

சோதனையின் நம்பகத்தைப் பற்றிய ஐயத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். மூளை ஏன் அழிந்தது என்ற காரணம் முதலில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, நஞ்சு, உடல் குளிர்ந்துபோதல் ஆகியவை சாவைப் போலவே தோற்றம் காட்டும். அவற்றையெல்லாம் விலக்கிய பிறகே சோதனை தொடங்கும். கண்பாவையில் வெளிச்சம் பாய்ச்சினால் சுருங்குகிறதா, விழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் பனிக்கட்டி போல் குளிர்ந்த நீரை விட்டால் விழிகள் நகர்கின்றனவா, மூச்சுக்குழாயில் உறிஞ்சுகுழலை இறக்கினால் இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

கடைசியாக வருவது மூச்சுச் சோதனை. முதலில் தூய ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் குறையாதபடி மெல்லிய குழாய் வழியே அது போய்க்கொண்டிருக்கும். ஏறத்தாழ 8 முதல் 10 நிமிடம் வரை மார்பையும் வயிற்றையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத்தண்டில் சிறிதளவு உயிர் இருந்தாலும் அது மூச்சை இழுக்கச் சொல்லும். அந்த அளவு 60 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டிய பின்னும் மார்பு அசையவில்லை என்றால் மூச்சின் மையம் அழிந்துவிட்டது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள். இவ்வளவு கவனமாக உறுதிசெய்யப்படும் மரணம் வேறெதுவும் இல்லை. வீட்டில் முதியவர் இறந்தால் நாடியையும் கண்ணையும் பார்த்தே சான்றிதழ் தருகிறோம்.

ஆனால் குடும்பம் பார்ப்பது வேறு. உடம்பு கதகதப்பாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, திரையில் இதயத்துடிப்பு ஓடுகிறது. சில நேரம் கையோ விரலோ அசையவும் செய்யும். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளைக்கு அதில் பங்கில்லை என்பதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து விளக்க வேண்டும். “உசுரு இருக்கா இல்லையா டாக்டர்?” என்று தாய் கேட்கும்போது, “மூளைச்சாவு ஆயிடுச்சு, உறுப்பு தானம் பண்றீங்களா?” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துச் சொல்வது பெருந்தவறு. மகன் இறந்ததை அவர் ஏற்கும் முன்பே அவன் உறுப்புகளைக் கேட்பதாகிவிடுகிறது. உறுப்புக்காகத்தான் சாகடித்துவிட்டார்களோ என்ற சந்தேகம் இங்கேதான் முளைக்கிறது. 2008 முதல் இறந்தோர் உறுப்புக் கொடையை ஒழுங்குடன் வளர்த்து, 2023 முதல் கொடையாளருக்கு அரசு மரியாதையும் செய்யும் தமிழ்நாட்டிலும் அந்தச் சந்தேகம் மறையவில்லை.

சாவை உறுதிசெய்வதைக் கொடையிலிருந்து பிரித்தால் மருத்துவமனைகள் அவசரப்பட்டுக் கருவியைக் கழற்றிவிடும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று எதிர்வாதம் எழும். இது அலட்சியம் செய்யக்கூடிய அச்சமன்று. ஆனால் கட்டுப்பாடு இல்லாத இடம் இன்று எது? கொடை நடக்கும் இடத்தில் நான்கு மருத்துவர், இரண்டு சோதனை, படிவம் எல்லாம் உண்டு. கொடை இல்லாத இடத்தில் எதுவும் கட்டாயமில்லை. ஒரு குடும்பம் நிலத்தை விற்றுப் பல நாள் செலவழிக்கிறது. இன்னொரு குடும்பத்திடம் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டிலும் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் முறையாகச் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கிய நெறிமுறை, பிழைக்க வழியில்லாத உயிருள்ளவரின் சிகிச்சையை நிறுத்துவதற்கானது. இறந்தவருக்கும் அந்த நெறிமுறை கேட்கும் மருத்துவ வாரியங்களைத் தேடிப் போவது முறையாகாது.

1997இல் ஜப்பான் இயற்றிய சட்டமும், கொடைக்கு எழுத்தில் சம்மதித்தவருக்கு மட்டுமே மூளைச் சாவைச் சாவாகக் கொண்டது. இருவகை மரணம் என்ற விவாதம் அங்கே பல ஆண்டு நீடித்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரிட்டனில் கொடை உண்டா இல்லையா என்று பாராமல் மூளைத்தண்டுச் சாவு சாவாகவே கொள்ளப்படுகிறது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2020இல் மூளைச் சாவை உறுதிசெய்வதற்கெனத் தனி நெறிமுறை வெளியிட்டது. பாதை புதிதல்ல.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் இறப்பு வரையறையில் மூளைத்தண்டுச் சாவைச் சேர்த்து, கொடைக்குள்ள அதே சோதனைகளை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது சோதனை முடியும் நேரத்தையே இறந்த நேரமாகப் பதிய வேண்டும். குடும்பத்துக்கு அதைத் தெரிவித்து, அவர்கள் அழுது தேறிய பிறகே வேறொருவர் கொடையைப் பற்றிப் பேச வேண்டும். இந்த ஒழுங்கைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் இப்போதே கடைப்பிடிக்கலாம்.