கம்பம் பள்ளத்தாக்கின் மாட்டுவண்டிப் பந்தயமும் வேகத்தை ஒப்பிடும் நியாயமும்

இரண்டு வண்டிகளில் எது வேகமானது என்று கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை கார் உலகில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்கு வளையம்தான் அந்த எண்ணுக்கு உரைகல். ஆனால் அந்த உரைகல்லிலேயே ஒரு சிக்கல் இருந்தது. போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் காரை மாந்தாய் நிறுவனத்தின் கூடுதல் பாகங்களோடு 2021 ஜூனில் அங்கே ஓட்டினார்கள். பழைய வழக்கப்படி 20.6 கி.மீ. தூரத்துக்கு 6 நிமிடம் 38.8 நொடி ஆனது. 20.832 கி.மீ. முழுச் சுற்றுக்கு 6 நிமிடம் 43.3 நொடி. ஒரே கார், ஒரே ஓட்டம், நாலரை நொடி வித்தியாசம். லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே 2018-இல் எடுத்துக்கொண்ட 6 நிமிடம் 44.97 நொடி, 20.6 கி.மீ. கணக்கில் வந்தது. தூரத்தைக் கவனிக்காமல் புதிய எண்ணோடு அதை வைத்துப் பார்த்தால் இரண்டு கார்களுக்கும் இடைவெளி இரண்டு நொடிகூட இல்லை; சரியாக ஒப்பிட்டால் ஆறு நொடி. இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2019 முதல் முழுச் சுற்றையே கணக்கில் கொள்ள வேண்டும், கார்களை வகை பிரித்துப் பதிய வேண்டும் என்ற விதிகள் அங்கே வந்தன. வகையும் தூரமும் முடிவாகாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இந்த உண்மையை வெகுநாளாகவே நடைமுறையில் வைத்திருப்பவர்கள் தேனி மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயக்காரர்கள்.

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் நடக்கும் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயத்தில் எல்லா வண்டிகளும் ஒன்றாக ஓடுவதில்லை. தட்டான்சிட்டு, புள்ளிமான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாடுகளின் உருவத்தையும் வளர்ச்சியையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தூரம் தனி, பரிசு தனி. பெரியமாட்டுக்கு நீண்ட ஓட்டம், சிட்டுகளுக்குக் குறைந்த ஓட்டம். ஒரு பிரிவில் வண்டிகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் அதையும் இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே பரிசு கொடுக்கிறார்கள். தென்மாவட்டங்களில் பந்தயத் தூரத்தை இன்றும் மைல் கணக்கில்தான், அதுவும் போய்த் திரும்பும் தூரமாகச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். போகும்போது சாதகமாக இருந்த சரிவு திரும்பும்போது ஏற்றமாகிவிடுவதால் சாலையின் வாட்டம் தானாகவே சரிக்கட்டப்படுகிறது. எல்லை தொட்டுத் திரும்பும் இடத்தில் சாரதியின் கைத்திறனும் மாட்டின் பழக்கமும் வெளிப்படுகின்றன.

இப்படியொரு பந்தயம் இங்கே வேரூன்றியதற்குப் பள்ளத்தாக்கின் வரலாறே காரணம் என்று கருதுகிறேன். 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது தளவாடங்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டிகளில் இந்தப் பள்ளத்தாக்கின் நெடுக வந்து, கூடலூருக்கு அப்பால் மலையேறின. அணைத் தண்ணீர் வந்தபின் இன்றைய கணக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் நிலைத்தது. உழவுக்கும் பரம்படிப்புக்கும் கதிர் ஏற்றவும் மாடு வேண்டியிருந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. கம்பத்துக்கு இன்றுவரை வரவில்லை. லாரி வரும்வரை இந்த ஊர்களின் விளைச்சல் நடந்ததெல்லாம் வண்டிமாட்டின் காலில்தான். பாரத்தோடு வெகுதூரம் போய் அன்றே திரும்ப வல்ல சோடி எது என்பது ஒரு குடும்பத்தின் வரவுசெலவைத் தீர்மானித்த கேள்வி. பந்தயச் சாலை அந்தக் கேள்விக்கு எல்லோர் கண்முன்னும் விடை தந்தது. எனவே அதைத் திருவிழாப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மாட்டின் தரத்தை ஊரறியச் சோதிக்கும் முறையாகவும் அது இருந்தது.

கடிகாரம் இல்லாமல், ஒன்றாக ஓடும் வண்டிகளில் எது முந்துகிறது என்று மட்டும் பார்க்கும் ஒப்பீடு அறிவியலாகுமா என்று கேட்கலாம். கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு வண்டியாக ஓட்டி, நொடிக் கணக்கில் வெற்றியை முடிவு செய்கிறார்கள். அதில் துல்லியம் உண்டு. மற்ற வண்டியின் குறுக்கீடும் இல்லை. கம்பம் பக்கத்துப் பந்தயத்திலோ புறப்படும் இடம், முந்த வழி கிடைப்பது, பக்கத்து வண்டியின் போக்கு எல்லாம் முடிவைப் பாதிக்கும். இது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் இரண்டு முறைகளும் அளப்பது வெவ்வேறு குணங்களை. ரேக்ளா பாய்ச்சலை அளக்கிறது; மைல் கணக்கான ஓட்டம் மூச்சை, தாங்குதிறனை, கூட்டத்துக்குள் மிரளாத பழக்கத்தை அளக்கிறது. ஒரு குறுகிய நேர்ச்சாலையில் சீறும் காரும், நீண்ட சுற்றில் டயரும் பிரேக்கும் சூடேறிய பின்னும் தளராத காரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நாள், ஒரே வெயில், ஒரே சாலை என்ற ஒழுங்கு வண்டிகள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் இயல்பாகவே அமைகிறது. வேறு வேறு நாளில் எடுத்த நேரங்களை ஒப்பிடுவோருக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. ஆண்டுக்காண்டு ஒப்பிட முடியாது என்பது மட்டும் இந்த முறையின் உண்மையான குறை.

இதைவிடக் கனமான ஆட்சேபம், மாடு இயந்திரமல்ல என்பது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது முன்வைத்த கேள்வியும் இதுதான். 2017 ஜனவரியில், போடிநாயக்கனூர்த் தொகுதியைச் சேர்ந்த ஓ. பன்னீர்செல்வம் முதல்வராக இருந்தபோது ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சட்டத் திருத்தங்கள் செல்லும் என்றது. சட்டம் அனுமதித்துவிட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. இளங்கன்றைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டு உருக்குலைக்காமல் தடுப்பதில் பிரிவு முறைக்குப் பங்குண்டு. ஆனால் தார்க்குச்சிக் குத்துக்கும் வாலைக் கடிப்பதற்கும் அது மருந்தாகாது. இங்கே ஒப்பீட்டின் நியாயமும் கருணையின் நியாயமும் ஒன்றாகிவிடுகின்றன. வலியால் விரட்டப்பட்ட மாடு முந்தினால் அந்த வெற்றி அதன் வளர்ப்பையோ இனத்தையோ பற்றி எதையும் சொல்வதில்லை. அது பொய்க் கணக்கு. ஆகவே குத்திய வண்டியைத் தகுதிநீக்கம் செய்வது மாட்டுக்குக் காட்டும் சலுகையாகாது; அதுவே பந்தயத்தின் அடிப்படை விதியாக வேண்டும்.

டிராக்டர் வந்தபின் வண்டிமாட்டுக்கு வயலில் வேலை குறைந்தது. பள்ளத்தாக்கின் மலைமாடுகளுக்கோ மேய்ச்சல் நிலமே சுருங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது, காப்பகக் காடுகளில் மேய்ச்சலுக்கு 2022-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இந்த நிலையில் நல்ல மாட்டை இனங்காணும் பழைய அறிவு எழுத்தில் ஏறாமலே போய்விடக் கூடாது. விழாக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பந்தயத்திலும் பிரிவு, மாட்டின் உயரம், சாலையின் தூரம், போக எடுத்த நேரம், திரும்ப எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள், மாட்டு வைத்தியரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். பிரிவு வகுக்கும் அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதிவும் சேர்ந்துவிட்டால், இந்த முறையின் ஒரே பெரிய குறை நீங்கிவிடும்.