மனஸ்தாபமும் தாழ்ச்சியும்: பாவசங்கீர்த்தனம் தமிழ் பேசிய கதை

"அவங்க ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம்" என்று வீட்டில் சொன்னால், பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று பொருள். கத்தோலிக்கக் கோயிலில் அதே சொல்லுக்கு, செய்த பாவத்துக்காக உள்ளம் வருந்துவது என்று பொருள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் முதல் பொருளை மட்டும் தெரிந்துகொண்டு, 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்றதும் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ணுவது? சொல்லின் கதையை யாரும் சொல்லித் தரவில்லையே!

பாவமன்னிப்புக்கு மனஸ்தாபம், வாயால் அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் வரையறுத்தது. இதில் முதலிடம் மனஸ்தாபத்துக்கு. நரகத்துக்குப் பயந்து வருந்துவது குறைவானது. கடவுள்மேல் வைத்த அன்பினால் வருந்துவதே உத்தமமானது. வாயால் சொல்வதற்கோ தாழ்ச்சி வேண்டும். ஊர்ப்பேச்சில் 'தாழ்ச்சி' என்றால் குறைவு. ஞானோபதேசத்தில் அது ஆங்காரத்துக்கு எதிரான புண்ணியம். "மாமியார் செஞ்சதைச் சொல்லாதே, நீ செஞ்சதைச் சொல்லு" என்று சாமியார்கள் வேடிக்கையாகச் சொல்வது இதைத்தான்.

சரி, முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் பாவத்தை எந்த மொழியில் சொன்னார்கள்? 1535-37 வாக்கில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. 1542-இல் வந்த சவேரியார்கூட ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துதான் சொல்லிக் கொடுத்தார். ஜெபத்தை மனப்பாடம் செய்யலாம். ஒருவர் அழுதுகொண்டே சொல்வதைப் புரிந்துகொள்ள மனப்பாடம் உதவுமா? நடுவில் துபாஷி நின்றால், பரமரகசியம் மூன்றாம் ஆளின் காதுக்கும் போய்விடுமே!

இந்த இடைவெளியை அடைத்தவர் அந்திரிக் அடிகளார். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து அனுப்பப்பட்டு, பின் இயேசு சபையில் சேர்ந்து, 1546-இல் இந்தியா வந்தவர். ஒதுக்கப்படுவது என்னவென்று அனுபவித்து அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளிலேயே துபாஷி இல்லாமல் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' பற்றி நாம் எல்லா விழாவிலும் பெருமை பேசுகிறோம். ஆனால் 1580-இல் கொச்சியில் அச்சான அவரது பாவசங்கீர்த்தனக் கையேட்டை யாரும் நினைப்பதில்லை. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தானே ஆராய்ந்து பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது! தொலைந்துபோனதாக நெடுங்காலம் கருதப்பட்ட அந்நூலின் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இந்த இரண்டு நூல்களும் அச்சானது இன்றைய கேரளத்தில் என்பதையும் வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் கவனிக்கலாம்.

அந்த நூலின் பெயரே போர்த்துகீசியச் சொல்தான். மலையாளிகள் இன்றும் சொல்லும் 'கும்பசாரம்' அந்த மொழியிலிருந்து வந்ததே. 1606-இல் மதுரைக்கு வந்த தெ நொபிலியின் வழியில் வடமொழிச் சொற்கள் புகுந்தன, 'பாவசங்கீர்த்தனம்' நிலைத்தது. நாமசங்கீர்த்தனத்தில் கடவுளின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறோம். இங்கே நம் பாவத்தை வாய்விட்டுச் சொல்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு, 'ஒப்புரவு' வந்தது. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரிலேயே இடம்பெறும் நல்ல தமிழ்ச்சொல் அது. கடவுளோடும் அயலாரோடும் மீண்டும் ஒன்றாவதைச் சொல்கிறது. ஆனாலும் என் காதுக்கு, 'மனஸ்தாபம்' என்பதில் உள்ள தாபம், அந்தச் சூடு, இதில் இல்லை.

புராட்டஸ்டண்டு சபைகளில் கும்பசாரக் கூண்டு கிடையாது. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள். ஆனால் தாழ்ச்சி அங்கேயும் தமிழ் பேசியது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தில் (1894), தன்னை நீசனாகக் கருதி உருகும் வைணவ நைச்சியத்தின் சாயலைக் காணலாம்.

துபாஷி வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய இன்றைய கத்தோலிக்கச் சட்டமும் (1983) இடம் தருகிறது. அந்தத் துபாஷியும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இருந்தும் தவக்காலம் வந்தால், ஆங்கிலமோ இந்தியோ தெரியாத நம் வீட்டுப் பாட்டிகள், "தமிழ்ச் சாமியார் எப்ப வர்றார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேரன் துணைக்கு வந்து மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றால், "நீ போடா" என்கிறார்கள்.