கண்டென்சர், கெப்பாசிட்டர், மின்தேக்கி

எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி ஒரு வாரமாகச் சோம்பலாகச் சுற்றியது. பிறகு அதுவும் நின்றது. ஒட்டடைக்கம்பால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் கிளம்பும். எலெக்ட்ரீசியன் வந்து பார்த்தார். "கண்டென்சர் போயிடுச்சு சார்" என்றார். கடையிலிருந்து அவர் வாங்கி வந்த பொருளின் மேல் 'கெப்பாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் எங்க புக்ல வர்ற மின்தேக்கியா?" என்றாள்.

தீப்பெட்டியளவுப் பொருள் ஒன்றுக்கு ஒரே கூடத்தில் மூன்று பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்து மனிதர்கள் இந்தப் பொருளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சி.

பெயர் வருவதற்கு முன்னே பொருள் வந்துவிட்டது. 1745-இல் பொமரேனியாவின் கம்மின் ஊரில் தேவாலயப் பொறுப்பில் இருந்த எவால்ட் ஃபான் கிளைஸ்ட், ஆணி செருகிய மருந்துக் குப்பியைக் கையில் பிடித்தபடி மின் உராய்வு எந்திரத்தால் அந்த ஆணிக்கு மின்னேற்றினார். பிறகு ஆணியை மறுகையால் தொட்டவருக்குத் தோள்வரை அடி விழுந்தது. அடுத்த சில மாதங்களில் ஹாலந்தின் லெய்டன் நகரில் பேராசிரியர் மூஷன்ப்ரூக்கின் ஆய்வகத்திலும் இதே அடி. பிரெஞ்சு அறிஞர் நொல்லே இதற்கு 'லெய்டன் குப்பி' என்று ஊர்ப்பெயர் சூட்டினார். 1746-இல் வெர்சாய் அரண்மனையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, குப்பியின் மின்னை அவர்கள் வழியே விட்டுக் காட்டினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள்.

குப்பி என்ற பெயரில் அன்றைய நினைப்பு அப்படியே இருக்கிறது. மின் ஒரு திரவம். திரவம் இருந்தால் அதை ஊற்றிவைக்கப் பாத்திரம் வேண்டும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைச் சோதித்தார். மின்னேற்றிய குப்பியின் நீரை வேறொரு குப்பியில் ஊற்றிப் பார்த்தபோது மின் நீரோடு போகவில்லை. பழைய குப்பியில் புது நீரை நிரப்பியதும் அடி மறுபடி விழுந்தது. வேலை நடக்கும் இடம் நீர் அல்ல, கண்ணாடிச் சுவர் என்று அவர் கண்டுகொண்டார். சுவருக்கு உள்ளே ஒரு கடத்தி, வெளியே ஒரு கடத்தி, நடுவே மின்னை விடாத பொருள்: இன்றைக்கும் இந்தப் பொருளின் இலக்கணம் இதுதான். கிளைஸ்டின் குப்பிக்கு வெளிக் கடத்தியாக இருந்தது அவருடைய உள்ளங்கையே.

லெய்டன் குப்பிகளைப் பீரங்கி வரிசைபோல் அடுக்கி 'பேட்டரி' என்று அழைத்தவரும் ஃபிராங்க்ளின்தான். அந்தப் பெயர் பின்னாளில் இடம் மாறி, இன்று டார்ச் லைட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

'கண்டென்சர்' இத்தாலியிலிருந்து வந்தது. மிக மெல்லிய மின்னைக்கூடக் கண்டறிய வோல்ட்டா ஒரு கருவி அமைத்து, அதை 1782-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விளக்கினார். அவர் இட்ட பெயர் 'கொண்டென்சாத்தோரே'. லத்தீனில் 'டென்சுஸ்' என்றால் அடர்த்தி. பரவிக் கிடக்கும் மின்னை நெருக்கி அடர்த்தியாக்குவது என்பது பொருள். அதே வோல்ட்டா 1778-இல் எழுதிய வேறொரு கட்டுரையின் தலைப்பிலேயே கடத்திகளின் 'கப்பாச்சித்தா', அதாவது கொள்ளளவு, என்ற சொல்லும் இருக்கிறது. பின்னால் போட்டியிடப்போகும் இரண்டு பெயர்களின் வேர்களும் ஒருவர் கையெழுத்திலேயே இருந்திருக்கின்றன.

முதலில் வென்றது கண்டென்சர். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு. 1769-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற நீராவி எஞ்சின் முன்னேற்றத்தின் உயிரே, ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர்தான். மின்நிலையங்கள் வந்தபோது ஒரே கட்டடத்தில் இரண்டு கண்டென்சர்கள் குடியிருந்தன. ஒன்று ஆவிக்கு, இன்னொன்று மின்னுக்கு. குழப்பத்தைத் தவிர்க்க பிரிட்டனில் 1926 முதல் மின்பொருளுக்கு 'கெப்பாசிட்டர்' என்ற பெயரைப் பரிந்துரைத்தார்கள். அமெரிக்கா இன்னும் தாமதமாக மாறியது. ஜெர்மனும் பிரெஞ்சும் இத்தாலியும் மாறவே இல்லை. நம் ஊர்ப் பட்டறையும் அப்படித்தான். வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சரும், பழைய மோட்டார் சைக்கிளில் பிளாட்டினம் பாயிண்ட்டுக்குத் துணையிருந்த கண்டென்சரும் பழக்கிவிட்ட பெயர் நாவில் நிலைத்துவிட்டது. ஏ.சி. மெக்கானிக்கிடம் மட்டும் கவனமாகப் பேச வேண்டும். அவருக்குக் கண்டென்சர் என்றால் வெளியே வெப்பம் கக்கும் காயில். கம்ப்ரசரைக் கிளப்புவது கெப்பாசிட்டர். பிரிட்டன் தவிர்க்க நினைத்த குழப்பம் மொட்டைமாடியில் இன்னும் நடக்கிறது.

குப்பி என்ற பெயரும் எளிதில் சாகவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் வயர்லெஸ்காரர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் கொள்திறனை 'ஜார்' என்ற அலகில் அளந்தார்கள். ஃபாரடேயின் பெயரால் அமைந்த ஃபாரட், நடைமுறைக்கு மிகப் பெரிய அலகு. 90 கோடி ஜார் சேர்ந்தால்தான் ஒரு ஃபாரட். அந்தக் கணக்கில் எங்கள் மின்விசிறிக்கு வாங்கி வந்த 2.5 மைக்ரோஃபாரட், 2250 ஜார்.

இனி தமிழ்ப் பெயர். தேங்குதல் தானாக நிற்பது, தேக்குதல் நிறுத்திவைப்பது. நீங்கு–நீக்கு, அடங்கு–அடக்கு போன்ற இணை இது. தேக்கு என்பதோடு இகரம் சேர, செய்யும் பொருளின் பெயர் கிடைக்கிறது. மின்மாற்றியும் பெருக்கியும் பிறந்த வழி இதே. நீர்த்தேக்கத்தை அறிந்தவருக்கு மின்தேக்கியைப் புரியவைக்கத் தனி விளக்கம் தேவையில்லை. 'மின்' என்பதன் பழம்பொருளோ மின்னல். மின்னலைத் தேக்குவது என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், அது 1752-இல் ஃபிராங்க்ளின் சொன்ன பட்டச் சோதனையின் வருணனையாகவே ஆகிவிடும். இடிமேகத்தின் மின்னைப் பட்டக்கயிற்றின் வழி இறக்கி அவர் ஏற்றியது ஒரு லெய்டன் குப்பியில்தான்.

இலங்கைப் பாடநூல்கள் வேறு வழியில் போயின. அங்கே இது 'கொள்ளளவி'. கெப்பாசிட்டரைப் போலவே, எவ்வளவு கொள்ளும் என்ற அளவிலிருந்து பிறந்த பெயர். தமிழ்நாட்டுப் பெயர் செயலைப் பார்க்கிறது, இலங்கைப் பெயர் அளவைப் பார்க்கிறது. வோல்ட்டாவின் இரண்டு சொற்களுக்கு இடையிலிருந்த வேறுபாடு பாக் நீரிணைக்கு இரு கரையிலும் மறுபடி முளைத்திருக்கிறது.

தேக்கம் என்ற உவமை எவ்வளவு தூரம் தாங்கும்? மின்தேக்கியின் அடிப்படை விதிவரை நன்றாகவே தாங்குகிறது. மின்னூட்டம் என்பது கொள்திறனையும் மின்னழுத்தத்தையும் பெருக்கி வருவது. ஏரியில் நீரின் அளவு, பரப்பையும் மட்டத்தையும் பெருக்கி வருவது. அகன்ற ஏரியில் நிறைய நீர் விட்டாலும் மட்டம் கொஞ்சம்தான் ஏறும். கிணற்றில் நாலு குடம் கூடுதலாக ஊற்றினாலே தெரியும். பரப்பு கொள்திறன், மட்டம் அழுத்தம். உறையில் போட்டிருக்கும் 440 வோல்ட் என்பது கரை தாங்கும் உயரம். மதகை மூடிய பிறகும் ஏரியில் நீர் நிற்பதுபோல், சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின் நிற்கும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக், பெரிய மின்தேக்கியைத் தொடுமுன் டெஸ்ட் லாம்ப்பை அதன் முனைகளில் வைத்து வடித்துவிடுகிறார்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது. ஏரிக்கு நீர் வெளியிலிருந்து வந்து சேரும். மின்தேக்கியிலோ ஒரு தகட்டில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மறு தகட்டிலிருந்து இறங்கிவிடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் மின்னூட்டம் கூடவே இல்லை. அடுத்தடுத்த இரு குளங்களில் ஒன்றிலிருந்து இறைத்து மற்றதில் ஊற்றி மட்ட வேறுபாடு உண்டாக்குவது போன்றது இது. சேர்ந்திருப்பது அந்த வேறுபாட்டில் உள்ள ஆற்றல். ஆக, அடர்த்தியாக்குவதும் இல்லை, நீரைப்போல் நிரப்புவதும் இல்லை. எல்லாப் பெயர்களும் மின்னைத் திரவமாக நினைத்த காலத்தின் மிச்சம்.

மின்விசிறியில் அந்த மட்ட வேறுபாடு நிலையாக நிற்பதும் இல்லை. மாறுமின்னோட்டத்தில் நொடிக்கு 100 முறை மேடும் பள்ளமும் இடம் மாறும். பிளாஸ்டிக் சுவரை மின் கடப்பதில்லை. ஆனாலும் இரு பக்கக் கம்பிகளிலும் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடுகிறது. இதில் கிடைக்கும் லாபம் நேர வேறுபாடு. விசிறிக்குள் இரண்டு காயில் சுற்றுகள் உண்டு. மின்தேக்கி வழியே போகும் சுற்றில் மின்னோட்டம் சற்று முந்தி உச்சத்தைத் தொடுகிறது. நேரடிச் சுற்றில் சற்றுப் பிந்தி. அடுத்தடுத்து வரும் இந்த இரண்டு தள்ளலால்தான் காந்தப்புலம் சுழன்று, இறக்கையையும் இழுத்துச் செல்கிறது. மின்தேக்கி இல்லாவிட்டால் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் உதைப்பது மட்டும் நடக்கும். மிதி தையல் மெஷின் சில நேரம் மிதித்தும் அசையாமல் நிற்குமே, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளுவோமே, எங்கள் ஒட்டடைக்கம்பு செய்தது அந்த வேலையைத்தான்.

எலெக்ட்ரீசியன் கழற்றிப் போட்ட பழையதை மறுநாள் உடைத்துப் பார்த்தோம். கெட்டித்த பிசினுக்குள் பளபளப்பான பிளாஸ்டிக் படலம், பாய்ச்சுருளாகச் சுருட்டியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலம். அதன்மேல் இன்னும் எத்தனையோ மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு. மகளிடம் பூச்சு எப்படிப் பூசுகிறார்கள் என்று சொன்னேன். வெற்றிட அறைக்குள் உலோகத்தை ஆவியாக்குகிறார்கள்; ஓடும் படலத்தின்மேல் அந்த ஆவி குளிர்ந்து படிகிறது.

"அதுக்குப் பேரு கண்டென்சேஷன்தானே அப்பா?" என்றாள்.

ஆமாம். மின்னைப் பொறுத்தவரை வோல்ட்டாவின் சொல் பொருந்தாமல் போயிருக்கலாம். உலோக ஆவி படிந்து உருவான இந்தச் சுருளைக் கண்டென்சர் என்று அழைக்கும் எலெக்ட்ரீசியனை இனி யார் திருத்துவது?