கீழ் முன்பற்களும் பல் உள்வைப்பும்: சிதம்பரம் – கடலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. முன்பற்களின் இழப்பு கடித்தலையும் ஒலிப்பையும் முகத்தோற்றத்தையும் ஒருங்கே பாதிக்கும். நாவின் அடியில் உமிழ்நீர் சுரக்கும் வாயில்கள் அருகிருப்பதால், கீழ் வெட்டுப்பற்களின் உட்புறத்தில் காரை மிகுதியாகப் படிகிறது. நாளடைவில் ஈறும் எலும்பும் தேய, சொத்தையில்லாத பல்லும் ஆடி விழுவதுண்டு. பேச்சுவழக்கில் இம்ப்ளாண்ட் எனப்படும் பல் உள்வைப்பு இவ்விழப்பை ஈடுசெய்யும் முறைகளுள் ஒன்று. அதன் வரலாற்றையும், கடலூர் மாவட்ட மக்களை அது சென்றடைவதில் உள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிப்பி முதல் டைட்டானியம் வரை

1931இல் ஹோண்டுராஸில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்த மாயர் தாடையெலும்பில், இழந்த மூன்று கீழ் வெட்டுப்பற்களின் இடத்தில் பல் வடிவச் சிப்பித் துண்டுகள் இருந்தன. அவற்றுள் இரண்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததை 1970இல் எடுத்த எக்ஸ்ரே படங்கள் காட்டின. எனவே அவை உயிருடன் இருந்தபோதே பொருத்தப்பட்டவை எனக் கருதப்படுகிறது.

1952இல் சுவீடன் ஆய்வாளர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் எலும்போடு பிரிக்கவியலாதபடி இணைந்ததைக் கண்டார். 1965இல் முதல் நோயாளியின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 1982 டொராண்டோ மாநாட்டிற்குப் பின்னர் இம்முறை உலகளவில் ஏற்புப் பெற்றது. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு அடர்த்தியானது. ஆதலின் மேல்தாடைக்கு ஆறு மாதக் காத்திருப்பை வகுத்த தொடக்கக்கால நெறி, கீழ்த்தாடைக்கு மூன்று மாதமே வகுத்தது. எனினும் கீழ் நடுவெட்டுப்பல்லின் அகலம் சுமார் 5 மி.மீ. மட்டுமே. நான்கு பற்கள் இழந்தவர்க்கு நான்கு திருகுகள் பதிக்க இடம் போதாமையால், இரு திருகுகளின்மேல் நான்கு பற்களைப் பாலமாக அமைப்பது வழக்கம்.

பெயரும் தொலைவும்

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1980இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் இராசா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியது. 2013இல் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தை அரசு ஏற்றது. அரசுக் கல்லூரிகளுக்கு இணையான கட்டணம் கோரிய மாணவர் போராட்டத்தை அடுத்து, 2021இல் மருத்துவக் கல்லூரியுடன் பல் மருத்துவக் கல்லூரியும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரியாயிற்று.

பெயரில் கடலூர் சேர்ந்தபோதிலும் கல்லூரி அமைந்துள்ள இடம் மாறவில்லை. கடலூர் நகரிலிருந்து அண்ணாமலைநகர் ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் உள்ளது. உள்வைப்போ ஒரு நாளில் முடிவதன்று. எலும்பை ஆராய்தல், திருகு பதித்தல், தையல் பிரித்தல், எலும்பு இணையக் காத்திருத்தல், அளவெடுத்தல், பல் பொருத்துதல், ஆண்டுதோறும் பரிசோதித்தல் எனப் பல வருகைகளை அது வேண்டுகிறது. நாட்கூலி பெறுவோர்க்கும் மீனவர்க்கும் ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் வருவாய் இழப்பாகும்.

முடிவுரை

எலும்பின் அடர்த்தியால் உள்வைப்பிற்கு மிகவும் இசைந்த இடம் கீழ்த்தாடையின் முன்பகுதி. ஆகவே இவ்வட்டார எளியோர்க்குத் தடையாவன பொருட்செலவும் தொலைவுமே எனலாம். அறுவையைச் சிதம்பரத்திலும், தையல் பிரித்தல், பரிசோதனை ஆகியவற்றைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் பகிர்ந்து மேற்கொள்ளும் ஏற்பாடு ஆராயத்தக்கது. அவ்வாறு செய்யின், 2021இல் ஏற்பட்ட பெயர்மாற்றம் நோயாளிக்கும் பயனளிக்கும்.