தருமியும் டெலிபோன் நண்பரும்

திண்டிவனத்தில் ரயில் நின்றதும் என் எதிரே இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மற்றவன் பாங்குப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞன். பெட்டியில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிய சண்டை போலிருக்கிறது.

"நிபுணரைக் கேட்டுப் பதில் சொன்னவன் ஜெயித்தவன் ஆவானா, தம்பி?" என்றார் ஆசிரியர்.

"விதியிலே இடம் இருக்கிறதே, ஐயா! ஒளித்து மறைத்தா கேட்டான்? ஊரே டெலிவிஷனில் பார்க்கக் கேட்டான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஏனென்றால் இந்த வழக்கு நம்மிடம் நெடுங்காலமாக இருப்பது. தாய் தந்தையற்ற பிரம்மசாரி தருமி; கல்யாணத்துக்குக் கையில் காசில்லை. பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன். தருமி சொக்கநாதரிடம் முறையிட, அவர் பாட்டெழுதிக் கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய நிபுணர் யாருக்குக் கிடைப்பார்? ஆனாலும் நக்கீரர் குற்றம் கண்டார். பதில் சொல்லத் தெரியாமல் தருமி திரும்பவும் கோயிலுக்கு ஓடினான்.

கதை நேற்றுக் கட்டியதல்ல. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் சுவாமிகள் தேவாரத்திலேயே தருமிக்குப் பொற்கிழி கிடைத்ததைப் பாடியிருக்கிறார். அவர் பிறந்த திருவாமூர், விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயில் பாதையில் பண்ணுருட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக, இறையனார் பெயரில் இருக்கிறது. அங்கே பரிசும் இல்லை, பாண்டியனும் இல்லை. காதலன் ஒருவன் வண்டைப் பார்த்துப் பேசுகிறான், அவ்வளவுதான். பொற்கிழியைப் பின்னால் வந்தவர்கள் கட்டித் தொங்கவிட்டார்கள்.

1965-இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்து, தாமே நக்கீரராக வந்தார். நாகேஷ் தருமி. சிவனாக வந்தவர் யார்? வி. சி. கணேசன் என்ற சிவாஜி. அந்த 'வி' விழுப்புரத்தைக் குறிப்பது. ஆக, தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான 'நிபுணர்' இந்த ரயில் போய்ச் சேரும் ஊர்க்காரர்!

அமெரிக்காவுக்கு இந்த யோசனை 1955-இல் வந்தது. 64,000 டாலர் கேள்விப் போட்டியில், கடைசிப் படியில் நிற்பவர் துணைக்கு ஒரு நிபுணரை அழைத்து வரலாம். முதலில் அந்தத் தொகையை வென்றவர் சமையலைப் பற்றிப் பதில் சொன்ன ஒரு மரைன் படைவீரர். அது யோக்கியமான ஏற்பாடு. யோக்கியமற்றதும் கூடவே வந்தது. 1956-இல் இன்னொரு போட்டியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் பிரமாதமாக வென்றார். விடைகளை நடத்தினவர்களே முன்கூட்டிக் கொடுத்திருந்தார்கள். 1959-இல் பாராளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். மறு வருஷம் அதற்கென்று சட்டமே வந்தது.

பிறகு 1998-இல் லண்டனில் ஒரு புதுப் போட்டி. நண்பருக்கு டெலிபோன் செய்யலாம், முப்பது விநாடி. 2000-இல் அமிதாப் பச்சன் அதை ஹிந்திக்குக் கொண்டுவந்தார். 2012-இல் சூர்யா தமிழில் கேள்வி கேட்டார். அமெரிக்காவில் மட்டும் 2010 ஜனவரியில் டெலிபோன் நண்பரை நிறுத்திவிட்டார்கள். மறுமுனையில் இருந்தவர் யோசிக்காமல் கம்ப்யூட்டரில் தேடினாராம்! அதற்கு முன்பே பிரபல நிபுணர்களைத் திரையில் உட்காரவைத்திருந்தார்கள். 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற கென் ஜென்னிங்ஸும் அவர்களில் ஒருவர்.

எனக்கும் அந்தப் பதவி கிடைக்க இருந்தது. 2012-இல் திண்டிவனத்து நண்பரின் பெண், "இலக்கியக் கேள்வி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன், மாமா" என்றாள். தம்பியின் படிப்புக்காக வாங்கிய கடனை அடைக்கவேண்டும் அவளுக்கு. நான் பெருமையோடு தலையாட்டினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பது விநாடியில் நான் தவறாக ஒரு பெயரைச் சொன்னால், எனக்கு என்ன நஷ்டம்? காப்பி ஆறிப்போகும். அவளுக்கோ வீடு போகும். பதினைந்து நாள் சங்க நூல்களைத் திரும்பப் படித்தேன். அவளுக்குப் போட்டிக்கு அழைப்பே வரவில்லை. "அடடா" என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இதை எதிரே இருந்தவர்களிடம் சொன்னேன்.

"சொக்கநாதர் அப்படி விடவில்லை பாருங்கள்," என்றார் ஆசிரியர். "பாட்டில் குற்றம் என்றதும் தாமே சபைக்கு வந்து நக்கீரரோடு மல்லுக்கு நின்றார். திரையில் வருகிற நிபுணர் வந்து நிற்பாரோ?"

இளைஞன் கொஞ்சம் யோசித்தான். "அது சரி, ஐயா. பாட்டுக்கு அர்த்தம் தருமிக்கே தெரிந்திருந்தால், அவனே வாதாடியிருப்பானே?"

"அர்த்தம் தெரிந்தவன் முதலில் கோயிலுக்குப் போவானாடா, தம்பி?"

விழுப்புரம் வந்துவிட்டது. பண்ணுருட்டிப் பக்கம் போகிற வண்டியைப் பிடிக்க ஆசிரியர் பையைத் தூக்கினார். இளைஞன் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பிளாட்பாரத்தில் போகும்போதும் இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார்கள்.