பத்தொன்பது பேரும் ஒரு பாட்டும்

எமது பாடசாலையின் தமிழ்த்தின விழாவிற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாட்டைத் துள்ளலோடு பாடினான். மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்டித் தாளம் போட்டனர். அப்பாட்டுக்குத் தப்பு ஒன்று துணையாக ஒலித்தால் சிறக்குமே என்று கருதி, "தம்பி, அப்பாவுடைய தப்பை நாளைக்குக் கொண்டுவருவாயா?" என்று கேட்டோம். பையனின் முகம் வாடிற்று. "வேணாங்க சார், மேசையிலேயே தட்டிக்கிறேன்" என்றான்.

பாட்டைப் பாடுவதில் அவனுக்குப் பெருமை. தப்பைத் தொடுவதில் வெட்கம். பாட்டும் தப்பும் ஒரே மக்களின் சொத்தென்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அப்பாட்டை எழுதிப் பாடிய அறிவு என்னும் இளைஞரை உலகறியச் செய்த ஓர் இசைக்குழுவின் வரலாற்றை இங்கு எழுத முற்படுவதற்கு இதுவே காரணம்.

சென்னையில் 2017ஆம் ஆண்டு அக்குழு உருவாயிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், தென்மா என்னும் இசைக்கலைஞரின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து அதனைத் தோற்றுவித்தன. பாடகரையும் வாத்தியக்காரரையும் தேர்ந்தெடுத்துப் பத்தொன்பது பேரை ஒன்றுசேர்த்தார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயரிட்டார்கள். சாதியற்றோரின் கூட்டு என்பது அதன் பொருள். சாதியற்ற தமிழர் என்னும் கருத்தை முன்வைத்த அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து அப்பெயர் பிறந்தது.

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அது மார்கழி மாதம். சென்னையின் சபாக்கள் கர்நாடக இசைக் கச்சேரிகளால் நிரம்பி வழியும் காலம். அதே மாதத்தில், அதே நகரில், திறந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் கானாப் பாடகர்கள் மேடையேறினர். அம்பேத்கரின் உடையை நினைவூட்டும்படி எல்லோரும் ஒரே மாதிரியான கோட்டும் சூட்டும் அணிந்திருந்தனர். இழவு வீட்டில் பாடுவதற்கு மட்டுமே அழைக்கப்பட்ட கலைஞன், அன்று கோட்டணிந்து நிமிர்ந்து நின்றான். இது வெறும் ஆடை மாற்றமன்று. மரியாதையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்ட செயலாகும்.

அவர்களுடைய இசை எத்தகையது? வடசென்னையின் கானா, ராப் என்னும் வேகப்பேச்சுப் பாட்டு, மின்கிற்றாரின் ராக் இசை ஆகியவற்றோடு பறை, தவில், கட்டமோளம், சட்டி, டோலக்கு முதலியன சேர்ந்தன. தென்மா குழுவை நடத்தினார். அறிவு, இசைவாணி, முத்து, பாலச்சந்தர் முதலியோர் பாடினர். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உணவு, அம்பேத்கரின் பெருமை ஆகியவை பாடுபொருளாயின. அறிவுரை சொல்லும் வறட்டுத் தொனி இல்லை. கேலியும் கிண்டலும் கொண்டாட்டமும் இருந்தன.

ராப்பையும் ராக்கையும் கலப்பது உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் 1990களில் 'நு மெட்டல்' என்ற பெயரில் இக்கலப்பு பரவிற்று. அவ்வகையில் புகழ்பெற்ற 'லிங்கின் பார்க்' குழு 1996இல் வேறொரு பெயருடன் தொடங்கியது. முதற் பாடகர் விலகினார். 1999இல் செஸ்டர் பென்னிங்டன் வந்து சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில் வெளியான முதல் இசைத்தொகுப்பு உலகெங்கும் விற்பனையாயிற்று. 2017இல் செஸ்டர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏழாண்டு மௌனத்திற்குப் பிறகு, 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்னும் பெண் பாடகியோடு அக்குழு மீண்டும் மேடையேறிற்று. ஆள் மாறலாம், குழு வாழும். ஆனால் அங்கே ஒவ்வொருவர் வந்ததும் போனதும் எழுத்தில் பதிவாகின்றன. சென்னைக் குழுவை நாம் நோக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

அறிவுக்கும் நமது மலையகத்துக்கும் உள்ள தொடர்பை இனிக் கூறவேண்டும். அரக்கோணத்தைச் சேர்ந்த அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மலைகளில் வாழ்ந்த நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. தலைமன்னாரில் கப்பலேறிச் சென்றவர்களின் கதை இக்கரையில் பாதியாக நின்றுபோயிற்று.

2021 மார்ச் மாதத்தில் அக்கதையின் மறுபாதி பாட்டாக நமக்கே திரும்பி வந்தது. பாடகி தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'என்ஜாய் எஞ்சாமி', பாடுபட்ட மண்ணில் பங்கில்லாத ஒரு மூதாட்டியின் நினைவைத் தாங்கி நின்றது. பல கோடி முறை அது கேட்கப்பட்டது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் முச்சக்கர வண்டிகளில் அது ஒலித்தபோது, தம் பாட்டியின் கதையைத்தான் கேட்கிறோம் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

புகழ் வந்ததும் வழக்கும் வந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் இல்லை. இரஞ்சித் கண்டனம் தெரிவித்தார். பின்னர் அறிவைத் தாங்கிய அட்டையும் வெளியாயிற்று. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இல்லாமலே பாடப்பட்டது. அது தம் உழைப்பு என்று அறிவு எழுதினார். அது கூட்டு முயற்சி என்று சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், அப்பாட்டால் தமக்கும் மற்றக் கலைஞர்க்கும் வருமானம் எதுவும் கிட்டவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். வழக்காடிய இருவரும் ஒரே வெறுங்கையோடு நின்றனர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் பத்தொன்பது பேரும் பல திசைகளில் நடந்தனர். தென்மா 2022இல் வெளிவந்த 'நட்சத்திரம் நகர்கிறது' திரைப்படத்திற்கு இசையமைத்தார். அறிவு தமக்கெனத் தனிக்குழு அமைத்து, 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார். இசைவாணியை 2020இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. ஆண்களே ஆண்டுவந்த கானாவில் அவர் பெற்ற இடம் சிறியதன்று.

ஆனால் அவருக்கு நேர்ந்தது என்ன? சபரிமலையில் பெண்கள் நுழையும் உரிமையைக் குறித்து 2018இல் குழு பாடிய பாட்டு ஒன்றை, ஆறாண்டு கழித்து 2024 நவம்பரில் சிலர் தோண்டியெடுத்தனர். ஏச்சும் மிரட்டலும் குழுவின்மேல் விழவில்லை. இசைவாணி என்னும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தன. புகழைப் பங்கிடும் வேளையில் உழைத்தவன் மறைக்கப்படுகிறான். பழியைப் பங்கிடும் வேளையில் ஒருத்தி தனித்து நிறுத்தப்படுகிறாள். கூட்டு என்னும் சொல்லுக்கு உண்மையான சோதனை இவ்விரு வேளைகளிலுமே உள்ளது.

குழு கலைந்தால் முயற்சி தோற்றது என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. 2020 டிசம்பரில் நீலம் மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழாவில் ஒப்பாரியும் பறையும் கானாவும் மேடை கண்டன. பத்தொன்பது பேர் திறந்த வாயிலில் மேலும் பலர் நுழைந்தனர். இதுவே வெற்றி. தோல்வி வேறிடத்தில் உள்ளது. பாடியவர் பெயரை நாம் அறிவோம். கட்டமோளம் அடித்தவர் யார், சட்டி அடித்தவர் யார் என்று கேட்டால் இரசிகருள் எத்தனை பேர் சொல்வர்? சாதியற்ற மேடையிலும் தோற்கருவியின் பெயர் நின்றது. அதை அடித்த கையின் பெயர் மங்கிற்று.

நமது மலைகளில் இது நூற்றாண்டுக் கதை. விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் ஆட வைத்தது தப்பு. திருவிழாவுக்கும் தப்பு, இழவுக்கும் தப்பு. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய நெடும்பாடலிலும் வைகறைத் தப்பொலி கேட்கிறது. கங்காணிமார் சாதிவாரியாக ஆள் சேர்த்தனர். அந்தச் சாதி வரிசை கப்பலிலும் லயத்திலும் கூடவே வந்தது. தப்பு ஒரு சாதியின் கடமையென்று விதிக்கப்பட்டது. அடித்தவனுக்குக் கூலியைவிட இழிவே மிகுதியாகக் கிடைத்தது. தேயிலைப் பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் உண்டு, கொழுந்து கொய்தவளின் பெயர் இல்லை. அதுபோலவே கூத்தின் பெயர் ஊரறியும், தப்புக்காரனின் பெயரை ஊர் எழுதி வைக்கவில்லை.

துரை எழுதவில்லை என்று நாம் குறைகூறிப் பயனில்லை. எழுதக் கற்ற நாமும் எழுதவில்லையே! கோவில் கல்வெட்டில் நன்கொடை தந்தவரின் பெயரைப் பொறிக்கும் நாம், நாற்பதாண்டு அதே கோவிலில் தப்படித்தவரின் பெயரை எங்கே பொறித்தோம்?

விழா நாள் வந்தது. அம்மாணவன் மேசையில் தட்டியே பாடினான். அவனை நாம் வற்புறுத்தவில்லை. பெருமை கட்டளையால் வருவதன்று. ஆனால் அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம். தத்தம் தோட்டத்தில் தப்படித்தவர்களின் பெயர், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர், அவர்கள் அறிந்த அடிகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவர வேண்டும் என்பதே பயிற்சி. எல்லாரையும்விட நீண்ட பட்டியல் அவனிடமிருந்தே வந்தது. நான்கு தலைமுறைப் பெயர்கள் அதில் இருந்தன. கடைசியாகத் தன் தந்தையின் பெயரை எழுதி, அதன்கீழ் கோடிட்டிருந்தான்.